விமானம்கூடப் போகாத தீவில் மக்கள் ஏன் இன்னும் வாழ்கிறார்கள்?

போக்கிடம் இல்லாமல் அல்ல; போய்ப் பார்த்துவிட்டு வேண்டாமென்று திரும்பியவர்களும் உண்டு. தென் அட்லாண்டிக்கில் உள்ள டிரிஸ்டன் டா குன்யாவுக்குக் கேப் டவுனிலிருந்து கப்பலில் ஒரு வாரம் போல ஆகும். கடல் கொந்தளித்தால் கரை கண்ணுக்குத் தெரிந்தும் இறங்க முடியாது. 1961-இல் ஊரை ஒட்டி எரிமலை வெடிக்க, எல்லோரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். வேலையும் கிடைத்தது. அடுத்த வருடம் ஓட்டெடுப்பு: திரும்பிப் போக 148 பேர், வேண்டாம் என 5 பேர்! 1963-இல் பெரும்பாலானோர் ஊர் திரும்பிவிட்டார்கள்.

அங்கே நிலம் எல்லோருக்கும் பொது. காற்றைத் தடுக்கக் கல்சுவர் எழுப்பிய சின்னப் பாத்திகளில் ஒவ்வொரு குடும்பமும் உருளைக்கிழங்கு போடுகிறது. காசு வருவது பெரும்பாலும் சிங்கி இறாலில். மொத்த ஊரே 250 பேருக்கும் குறைவுதான். நம்ம கல்யாண மண்டபத்தில் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடலாம்.