நல்ல கையை எப்போது இறக்குவது?

கேள்வி: விடியற்காலையில் போனில் அமெரிக்க பேஸ்பால் பார்க்கிறேன். நன்றாகப் போட்டுக்கொண்டிருக்கும் பிட்சரை (பந்து போடுபவரை) ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஆறாவது இன்னிங்ஸிலேயே எடுத்துவிட்டு, வரிசையாக மூன்று நான்கு பேரை இறக்குகிறார்கள். எதற்கு?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: காட்பாடிப் பக்கம் 22 வருஷம் பி.டி. ஆசிரியராக இருந்து, பெண்பிள்ளைகளுக்கு பேஸ்பால் மாதிரியே ஆடும் சாஃப்ட்பால் சொல்லிக்கொடுத்தவன் நான். நீங்கள் கேட்டது எனக்குப் பிடித்த கேள்வி.

நூறு பந்தை நெருங்கும்போது கை தளரும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரியது, ஒரே பேட்டர் அந்த பிட்சரை மூன்றாவது முறை சந்திப்பது. அதற்குள் பந்து எங்கே வளையும் என்று பேட்டர் கண்ணுக்குப் பழகியிருக்கும். புதிதாக வருகிற ரிலீஃப் பிட்சர் ஒரு இன்னிங்ஸ்தானே என்று முழு வேகத்தையும் காட்டலாம். இடது கை பேட்டருக்கு இடது கை பிட்சர் என்றும் பார்ப்பார்கள். முன்பு ஒரே ஒரு பேட்டருக்காக ஆளை மாற்றுவார்கள். 2020 முதல், வந்தவர் மூன்று பேருக்காவது போட வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும். ஆட்டத்தை விட்டுப் போன பிட்சர் அன்று திரும்ப வர முடியாது என்பதால் ஒவ்வொரு மாற்றத்தையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

கடைசி இன்னிங்ஸுக்கு வருபவர் குளோசர். மூன்று ரன்னோ அதற்குக் குறைவோ முன்னிலை இருக்கும்போது வந்து, ஒரு இன்னிங்ஸ் போட்டு ஜெயித்துக் கொடுத்தால் அவர் கணக்கில் ஒரு ‘சேவ்’. 1969 முதல் இது அதிகாரபூர்வக் கணக்கு. பேர்பெற்ற குளோசர் மரியானோ ரிவேராவுக்கு 652 இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்குக்காகவே சிறந்த ஆளைக் கடைசிவரை பூட்டி வைப்பது தப்பு என்பேன்.

2016 அக்டோபரில் டொரான்டோவில் நடந்த வைல்டு கார்டு ஆட்டத்தை, அதாவது தோற்றால் வெளியேற வேண்டிய ஒற்றை ஆட்டத்தைப் பாருங்கள். பால்டிமோர் அணியின் குளோசர் ஜாக் பிரிட்டன் அந்த சீசனில் 47 சேவ் வாய்ப்பில் 47-ஐயும் முடித்தவர். ஸ்கோர் சமனாக இருந்தது. முன்னிலை வரட்டும் என்று அவரை உட்கார வைத்தார்கள். பதினோராவது இன்னிங்ஸில் வேறொரு பால்டிமோர் பிட்சர் பந்தில் டொரான்டோவின் என்கார்னாசியோன் மூன்று ரன் ஹோம்ரன் (வேலியைத் தாண்டும் அடி) அடித்து ஆட்டத்தை முடித்தார். பிரிட்டன் ஒரு பந்துகூடப் போடவில்லை.

நானும் அதே தப்பைச் செய்திருக்கிறேன். வேலூரில் ஒரு போட்டி, சித்திரை வெயில். எங்களுக்கு இரண்டு ரன் முன்னிலை, ஐந்தாவது இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் எதிரணி ஆள். என் சிறந்த பிட்சரைக் கடைசியான ஏழாவதுக்கு வைத்திருந்தேன். வேப்பமர நிழலில் பந்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே நின்றாள். ஒரே அடியில் மூன்று பேரும் ஓடி வந்து ரன் எடுத்துவிட்டார்கள். “சார், நான் எப்ப சார் போடறது?” என்று அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

நாளைக்குப் பார்க்கும்போது ஓரத்தில் மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் இடமான புல்பென்னைக் கவனியுங்கள். அங்கே போன் அடித்ததும் யார் எழுந்து கையைச் சூடேற்றுகிறார் என்று பாருங்கள். இறக்காவிட்டாலும், அப்படிச் சூடேற்றியதே அந்தக் கைக்கு வேலைதான்.