பீட்ரூட் ஜூஸ் குடித்தும் ரத்தம் ஏறவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 36, இரண்டு பிள்ளைகள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சீப்பில் கொத்துக்கொத்தாக முடி வருகிறது. ஹீமோகுளோபின் 9.2 இருந்தது. ஆறு மாதமாகத் தினமும் நாலு பேரீச்சம்பழமும் ஒரு டம்ளர் பீட்ரூட் ஜூஸும் சாப்பிட்டும் 9.4-ஐத் தாண்டவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டே இருக்கிறேன். அதனால்தான் ரத்தம் குறைகிறதா?

பதில்: அரிசியிலிருந்தே தொடங்குகிறேன். அரிசி தின்றால் ரத்தம் சுண்டிவிடும் என்று வீட்டில் திட்டுவார்கள். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். இரும்புச்சத்து வற்றியதால்தான் அந்த ஆசையே வருகிறது. சிலருக்கு ஐஸ்கட்டி, சிலருக்கு விபூதி, சிலேட்டுக்குச்சி. வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அவருக்கு அது நல்ல துப்பு.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். ரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் குறைவதால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. அதுதான் உங்கள் மாடிப்படி மூச்சிரைப்பு. உடம்பு கையிருப்பு இரும்பை முதலில் ரத்தத்துக்கே ஒதுக்கும். முடிக்குக் கடைசி இடம்தான்.

சரி, ஜூஸுக்கு வருவோம். சிவப்பாக இருக்கிறது என்பதைத் தவிர பீட்ரூட்டுக்கு இதில் பெரிய தகுதி கிடையாது. நூறு கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. நாலு பேரீச்சையிலும் அதிகம் போனால் ஒன்றிரண்டு மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) பெண்களுக்குச் சொல்லும் அளவோ ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம். தாவர உணவின் இரும்பில் உடம்பு உறிஞ்சுவதும் சிறு பங்குதான்.

அதையும் தட்டிப் பறிப்பது டீ. இட்லி சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறீர்களா? சாப்பாட்டுக்கும் டீ, காபிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். முருங்கைக்கீரைப் பொரியலோடு அரை மூடி எலுமிச்சையோ ஒரு நெல்லிக்காயோ சேருங்கள், இரும்பு கூடுதலாக உள்ளே போகும். அசைவம் உண்டென்றால் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) பீட்ரூட்டைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் 9.4-ல் இருப்பவருக்குச் சாப்பாடு மட்டும் போதாது, இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். முதலில் உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்து டாக்டரிடம் அளவு கேளுங்கள். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கையிருப்பு நிரம்ப அதற்கப்புறமும் சுமார் மூன்று மாதம் தேவை.

நீங்கள் எழுதாத ஒன்று, மாதவிலக்கு. ஏழு நாளுக்கு மேல் நீள்கிறதா? இரண்டு மணி நேரத்துக்கொரு நாப்கின் மாற்றுகிறீர்களா? அப்படியென்றால் மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. சுத்த சைவமாக இருந்து கால் மரத்தும் போனால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரை ஒத்துக்கொண்டால் சில வாரங்களில் அரிசி டப்பா பக்கம் கை போவது தானாகக் குறையும். அடுத்த ரிப்போர்ட் வரும் முன்பே உங்களுக்கே தெரிந்துவிடும்.