கிரெட்ச்மர்: ஜெர்மன் பெயரா, ஸ்லாவியப் பெயரா?

கேள்வி: என் மருமகள் ஜெர்மன் பெண். பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் கிரெட்ச்மர். அவளுடைய கொள்ளுத்தாத்தா, போர் முடிந்ததும் பிரெஸ்லாவ் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வெளியேற்றப்பட்டவராம். அந்தப் பகுதி இப்போது போலந்து. அப்படியென்றால் இவர்கள் ஜெர்மானியரா, போலந்துக்காரர்களா? பேத்திக்காகக் குடும்ப வரலாறு எழுத ஆசை. பதிவுகள் எங்கே கிடைக்கும்?

பதில்: இந்தப் பெயரை மட்டும் வைத்து இனத்தைச் சொல்ல முடியாது. அது தொழிலைத்தான் சொல்கிறது. போலிஷில் 'கார்ச்மா', செக்கில் 'கர்ச்மா' என்றால் மதுவிடுதி. 13ஆம் நூற்றாண்டில், பிரெஸ்லாவ் இருக்கும் சிலேசியா என்ற பகுதியில் பெருமளவில் குடியேறிய ஜெர்மானியர் இந்த ஸ்லாவியச் சொல்லை எடுத்துக்கொண்டு, கிராமத்து விடுதியைக் 'கிரெட்ஷம்' என்று அழைத்தார்கள். பல ஊர்களில் கிராம நீதிமன்றம் கூடியதும் அங்கேதான். அதை நடத்தியவர் கிரெட்ச்மர். வீட்டில் எந்த மொழி பேசியவருக்கும் இந்தப் பெயர் அமைந்திருக்கலாம்.

ஊருக்கு ஊர் விடுதி இருந்ததால் பெயரும் தனித்தனியாகப் பல இடங்களில் தோன்றியது. அதனால் உளவியல் மருத்துவர் எர்ன்ஸ்ட் கிரெட்ச்மர் (1888–1964), சிலேசியாவில் பிறந்த நீர்மூழ்கித் தளபதி ஓட்டோ கிரெட்ச்மர், 2017இல் சாக்சனி மாநில முதல்வரான மிக்கேல் கிரெட்ச்மர் ஆகியோரைச் சான்று இல்லாமல் உறவில் சேர்த்துவிடாதீர்கள்.

சரி, பதிவுகளுக்கு வருவோம். முதலில் சம்பந்தியிடம் கிராமத்தின் பழைய ஜெர்மன் பெயரையும், குடும்பம் கத்தோலிக்கமா லுத்தரனா என்பதையும் கேட்டு வாங்குங்கள். 1945க்குப் பிறகு ஊர்களுக்கெல்லாம் போலிஷ் பெயர் வந்துவிட்டது. பிரெஸ்லாவே இன்று விராட்ஸ்வாஃப். சிலேசியா அப்போது அடங்கியிருந்த ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் பிறப்பு, திருமண, இறப்புகளின் அரசுப் பதிவு 1874 அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்கு முந்தையவற்றுக்குத் தேவாலயப் பதிவேடுகளே கதி. மதம் தெரியாவிட்டால் எந்தத் தேவாலயத்தில் தேடுவீர்கள்?

போலந்துச் சட்டப்படி 100 ஆண்டு கடந்த பிறப்புப் பதிவுகளும், 80 ஆண்டு கடந்த திருமண, இறப்புப் பதிவுகளும் அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போகும். 'ஷுகாய் வ் அர்ஹிவாஹ்' என்ற அரசு இணையதளத்தில் பலவற்றை இலவசமாகப் பார்க்கலாம். அங்கே இல்லாதவற்றுக்கு உள்ளூர்ப் பதிவு அலுவலகம், அப்புறம் ஜெர்மனி இழந்த கிழக்குப் பகுதிகளின் பதிவுகள் சில இருக்கும் பெர்லினின் முதலாம் பதிவு அலுவலகம். தேடும்போது கிரெட்ச்மார், கிரெட்ச்மன் போன்ற வடிவங்களையும் போட்டுப் பாருங்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது ஏராளம். பழைய ஏடுகள் 'குரென்ட்' என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து முறையில் இருக்கும். இன்றைய ஜெர்மானியர் பலருக்கே அதைப் படிக்க வராது, எனவே பழகியவர் ஒருவரை முன்பே பார்த்து வையுங்கள்.