சைக்கிள் செயினை மாற்றப் போனால் பின்பக்கப் பல்சக்கரத்தையும் மாற்றச் சொல்கிறார்களே, தேவைதானா?

சில சமயம் உண்மையிலேயே தேவைதான். ஆனால் அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

செயின் 'இழுத்துவிட்டது' என்போம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியையும் இணைக்கும் சிறு உலோக 'பின்' (pin) தேய்ந்து இடைவெளி கூடுகிறது. அந்தச் செயின் பற்களில் சரியாக உட்காராமல் அவற்றையும் அரிக்கும். அப்புறம் புதுச் செயின் போட்டாலும், அழுத்தி மிதிக்கும்போது பல்லில் நிற்காமல் வழுக்கும்.

ஒரு ஸ்கேல் போதும். பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடுப்பகுதி நிற்கும். அது 1/16 அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும். 1/8 அங்குலம் என்றால் பல்சக்கரமும் போயிருக்கும். கியர் இல்லாத சைக்கிள் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மழை, மணல், எண்ணெய் போடும் பழக்கம், எல்லாம் கணக்கைக் கலைத்துவிடும்.

செயினைப் போலவே தேயும் மற்ற பாகங்களும் உண்டு. டயர்களில் பின்சக்கர டயர்தான் முதலில் தேயும், உங்கள் எடையில் பெரும்பகுதி அங்கே. நடுவில் தட்டையாகி உள்நூல் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். பிரேக் கட்டையில் வரிப்பள்ளம் மறைந்தால் மாற்றவேண்டியதுதான். பிரேக் கேபிளில் ஒரே ஒரு இழை பிரிந்து நின்றாலும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.