ஓட்டு யார் கையில்?

அன்புள்ள ஐயா,

விளையாட்டுச் சங்கங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் முன்னாள் தலைவர் பிளாட்டரையும், ஐரோப்பியக் கால்பந்துத் தலைவராக இருந்த பிளாட்டினியையும் பண மோசடி வழக்கில் சுவிஸ் நீதிமன்றம் இரண்டு முறை விடுதலை செய்துவிட்டது. கோர்ட்டே விட்டவர்களை நாம் ஏன் இன்னும் பேச வேண்டும்? தலைவர்கள் தேர்தலில் ஜெயித்துத்தானே வருகிறார்கள்? என் மகள் 400 மீட்டர் ஓடுகிறாள். இதையெல்லாம் படித்தால் அவளுக்கு மனசு விட்டுப்போகிறது.

ஒரு வாசகி, மயூர் விஹார், தில்லி

அன்புள்ள சகோதரி,

விடுதலையானவர்களைக் குற்றவாளி என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் 2011-ல் ஃபிஃபாவிலிருந்து பிளாட்டினிக்குப் போன 20 லட்சம் சுவிஸ் ஃபிராங்க் பழைய சம்பள பாக்கி, வாய்ப்பேச்சில் முடிவானது என்றுதான் இருவரும் சொன்னார்கள். உங்கள் சொசைட்டி செயலாளர் தண்ணீர் லாரிக்குப் பெரிய தொகை கொடுத்துவிட்டு இப்படிச் சொன்னால் விடுவீர்களா? ஜெயிலுக்கு அனுப்ப வேண்டாம், கணக்கு கேட்போம் இல்லையா?

தேர்தலுக்கு வருகிறேன். 2015 மே 27 விடியற்காலையில் சூரிச் ஹோட்டலில் ஃபிஃபா அதிகாரிகளை ஊழல் புகாரில் போலீஸ் கைது செய்தது. இரண்டே நாளில் தலைவர் தேர்தலில் பிளாட்டர் 133க்கு 73 என்று ஜெயித்தார். நாட்டுக்கு ஒரு ஓட்டு; ஓட்டுப் போடும் சங்கங்களுக்கு நிதி போவதும் அதே ஃபிஃபாவிலிருந்துதான்.

நம் ஊரிலும் இதுதான். 2023 டிசம்பர் 21 அன்று மல்யுத்த சம்மேளனத் தேர்தலில் 47 ஓட்டில் 40 வாங்கி ஜெயித்தவர், பாலியல் துன்புறுத்தல் வழக்கில் சிக்கி அதை மறுத்துவரும் முன்னாள் தலைவர் பிரிஜ்பூஷணுக்கு நெருக்கமானவர். ஓட்டெல்லாம் மாநிலச் சங்கப் பிரதிநிதிகளுடையது. பிரிஜ்பூஷணை எதிர்த்து ஜந்தர் மந்தரில் வாரக்கணக்கில் ராத்திரி படுத்துக் கிடந்த மல்யுத்தப் பெண்களுக்கு அதில் ஒரு ஓட்டு கிடையாது. அன்றைக்கே அவர்களில் ஒருவரான சாக்ஷி மாலிக், இனி மல்யுத்தம் வேண்டாம் என்று தன் ஷூவைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அழுதுகொண்டே எழுந்து போனார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய பெண், அம்மா! எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

தண்டனையும் ஆடுகிறவர்களுக்குத்தான். இந்தியக் கால்பந்து சம்மேளனத்தில் தலைவர் பிரபுல் படேலின் பதவிக்காலம் 2020-லேயே முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. உச்ச நீதிமன்றம் நிர்வாகக் குழு போட்டது. வெளியார் தலையீடு என்று 2022 ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவைத் தடை செய்தது. ஆசியப் போட்டிக்காகத் தாஷ்கண்டில் போய் இறங்கியிருந்த கோகுலம் கேரளா கிளப்பின் பெண்கள் அணியினர் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார்கள்.

போன வருஷம் இங்கே அணிக்கு ஆள் எடுக்கும் ஒரு டிரையலுக்கு என் அண்ணன் மகளோடு போனேன். கட்டணம் 500 ரூபாய், ரசீது இல்லை. நாலு மணிக்கு ஒட்டுவதாகச் சொன்ன பட்டியலை ஆறரைக்கு ஒட்டினார்கள். இரண்டாவதாக வந்த அவள் பெயர் இல்லை. காலையில் மைதானத்துக்கே வராத ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. கேட்டால், "லிக் கே தீஜியே." எழுதிக் கொடுத்தோம். இன்றுவரை பதில் இல்லை.

2025-ல் வந்த விளையாட்டு நிர்வாகச் சட்டம் 15 பேருக்கு மிகாத செயற்குழுவில் வீரர்களுக்கு நாலு இடம் தருகிறது. விளையாட்டுத் தகராறுகளை விசாரிக்கத் தீர்ப்பாயமும் உண்டு. நல்லதுதான், போதாது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டில் பாதியாவது ஆடுகிறவர்கள் கையில் வரவேண்டும்.

மகளை நிறுத்திவிடாதீர்கள், ஓடட்டும். அடுத்த டிரையலில் பணம் கட்டும்போது ரசீது கேளுங்கள். தர மறுத்தால் எனக்கு எழுதுங்கள், நானும் கூட வருகிறேன்.