ப்ளக் பாயின்ட் ஏன் தோள் உயரத்தில் இருக்கிறது?

கேள்வி: என் கணவருக்கு ஒரகடத்துக்கு மாற்றலாகியிருக்கிறது. எனக்கும் பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்துவிட்டது. ஜூன் மாதம் குடும்பத்தோடு சென்னைக்குக் குடிபோகிறோம். மகன் 10ஆம் வகுப்பு முடித்திருக்கிறான், மகள் 8ஆம் வகுப்புக்குப் போகிறாள். மாமியாருக்கு முழங்கால் வலி என்பதால் பள்ளிக்கரணையில் தரைத்தள வீடு ஒன்றைப் பார்த்து 10,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். கடலிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கிறது. புது பெயிண்ட், சுவரில் இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ், நல்ல சுத்தமான வீடு. வீடு பார்க்கப் போன அன்று மகன், “ஃப்ரிட்ஜ் ப்ளக் பாயின்ட் ஏம்மா என் தோள் உயரத்துக்கு இருக்கு?” என்று கேட்டான். ஓனர் முன்னால் என்ன கேள்வி என்று அவன் அப்பா அதட்டிவிட்டார். அதிலிருந்து சென்னைப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். மகளோ புயல் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அழுகிறாள். பிள்ளைகளின் பயத்தை எப்படிப் போக்குவது?
— கோவை வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் உருப்படியான கேள்வி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கேட்டவன் உங்கள் மகன். இன்றுவரை அவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்ததும் இந்தப் பக்கத்தை அவன் கையில் கொடுங்கள்.

ஃப்ரிட்ஜ், டிவிக்கான ப்ளக் பாயின்ட்டைத் தரையிலிருந்து 1 அடி, மிஞ்சினால் ஒன்றரை அடியில் வைப்பதுதான் வழக்கம். சுவரைக் கொத்தி, பைப்பை மேலே இழுத்து, ஒயரை மாற்றி, நாலரை அடிக்கு ஏற்றுவதற்கு நல்ல செலவு பிடிக்கும். வாடகைக்கு விடும் வீட்டில் எந்த ஓனரும் சும்மா அந்தச் செலவைச் செய்ய மாட்டார். டைல்ஸும் அழகுக்காக ஒட்டியதாகத் தெரியவில்லை. தண்ணீரில் ஊறிய சுவர் உப்புப் பூத்து, அடித்த பெயிண்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை மூடி மறைக்க டைல்ஸ்தான் வழி. ஒரே ஒரு முறை தண்ணீர் வந்திருந்தால் துடைத்து வெள்ளையடித்துவிட்டு விட்டிருப்பார். ஒயரிங்கையே மேலே ஏற்றியிருக்கிறார் என்றால் மறுபடியும் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் மகன் வீட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் இதைக் கவனித்துவிட்டான். காரணம்தான் அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டவனை வாயை மூடச் சொன்னீர்கள்.

‘சொன்னீர்கள்’ என்று உங்களையும் சேர்த்தேதான் சொல்கிறேன். அதட்டியது கணவர். வீட்டுக்கு வந்த பிறகாவது “நீ கேட்டது சரிதான்டா, எனக்கும் தெரியலை, விசாரிப்போம்” என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். குடும்பத் தலைவர் என்ற இடம் பிள்ளைகளை அடக்கி உட்காரவைப்பதற்காகத் தரப்பட்டதல்ல. தலைக்கு மேல் வரப்போவதை முன்கூட்டியே பார்த்து, வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லும் கடமை அந்த இடத்துக்கு உண்டு. முன்பின் தெரியாத ஓனர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சத்தில் அந்தக் கடமையை உங்கள் கணவர் கைவிட்டிருக்கிறார். பையன் எழுந்து போவதற்குப் பயம் காரணமில்லை. தன் பேச்சுக்கு இந்த வீட்டில் மதிப்பில்லை என்று முடிவு கட்டிவிட்டான். அதைச் சரிசெய்யாமல் எத்தனை ஆறுதல் சொன்னாலும் அவன் காதில் ஏறாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சென்னையில் கனமழை நாள் எப்படி விடியும் என்று நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. காலையில் ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிப்பார். அலுவலகத்துக்கும் தொழிற்சாலைக்கும் பெரும்பாலும் விடுமுறை இருக்காது. கணவர் ஒரகடத்தில் ஷிஃப்டில் இருப்பார், நீங்கள் பாரிமுனையில் இருப்பீர்கள். மதியம் தெருவில் தண்ணீர் ஏறும்போது வீட்டில் இருக்கப்போவது உங்கள் மகன், மகள், நடக்கச் சிரமப்படும் மாமியார், இந்த மூன்று பேர்தான். உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் அடையாறு ஓடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதன் பாலங்களில் போக்குவரத்து நின்றுபோனது. அன்றைக்கு அந்த வீட்டின் பெரியவன், நீங்கள் அதட்டி உட்காரவைத்த பையன்தான். அவனை அதற்குத் தயார் செய்யுங்கள்.

முதலில் வீட்டை மாற்றுங்கள். டோக்கன் கொடுத்தாயிற்றே என்று தயங்க வேண்டாம். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் போகட்டும். தரைத்தளத்துக்குள் ஒரே ஒரு முறை 2 அடித் தண்ணீர் நின்றால் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் பேட்டரி, கட்டில், மெத்தை என்று போகிற பணத்துக்குப் பக்கத்தில் 10,000 ஒன்றுமே இல்லை.

‘கடலிலிருந்து தள்ளி இருக்கிறது’ என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். புயல் என்றதும் கடலையே பார்த்துக்கொண்டிருப்பது வெளியூரிலிருந்து வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. பள்ளிக்கரணை சதுப்புநிலம் தென்சென்னையின் வடிகால் தொட்டி. சுற்றுவட்டாரத்து ஏரிகளின் உபரிநீரெல்லாம் அங்கே வந்துதான் சேரும். பிறகு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு வந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். புயல் நேரத்தில் கடல் மட்டமே உயர்ந்திருப்பதால் தண்ணீர் வெளியே போகாமல் பின்னுக்குத் தேங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கடந்தது. அதற்கு முன் 3, 4 தேதிகளில் கரையோரமாக மெல்ல நகர்ந்தபடி கொட்டிய மழையில் பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் பகுதிகள் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்தன. அங்கிருந்து கடலை ஒட்டிய மணல்மேட்டுக்குப் போனால் காற்று பலமாக அடிக்கும், ஆனால் பல இடங்களில் மழைத்தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும்.

மாமியாரின் முழங்காலை நினைத்துத் தரைத்தளம் தேடியது நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளத்தில் முதலில் சிக்குவது தரைத்தளத்தில் இருக்கும் முதியவர்தான். அதற்காக 9ஆவது மாடிக்கும் போகாதீர்கள். கரன்ட் போனால் லிஃப்ட் நின்றுவிடும், லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் கரன்ட் வந்த பிறகும் பல நாள் ஓடாது. உங்களுக்குச் சரியானது முதல் மாடி. ஒரே ஒரு வரிசைப் படி, இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் திரும்பும் இடத்தில் ஒரு ஸ்டூல் போட இடம். நிதானமாக ஏறிவிடுவார்.

வீடு பார்க்கும்போது ஓனரிடமும் புரோக்கரிடமும் தண்ணீர் வருமா என்று கேட்டுப் பயனில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம், மளிகைக் கடையில், ஆட்டோ ஸ்டாண்டில் கேளுங்கள். ‘தண்ணி வருமா?’ என்று கேட்டால் ‘அதெல்லாம் வராது’ என்பார்கள். ‘15லயும் 23லயும் இங்க எவ்வளவு நின்னுச்சு, எத்தனை நாள் நின்னுச்சு?’ என்று கேளுங்கள், முழங்கால், இடுப்பு என்று கையை வைத்தே காட்டுவார்கள். வாசலில் நின்று பாருங்கள், தெருவிலிருந்து வீட்டுக்கு ஏற வேண்டுமா, இறங்க வேண்டுமா? மேலே மேலே தார் போட்டுத் தெரு உயர்ந்துபோய், பழைய வீடுகள் பள்ளத்தில் நிற்கின்றன. இறங்க வேண்டிய வீடு என்றால் திரும்பிவிடுங்கள். மர நிலையின் அடி உப்பியிருக்கிறதா, கேட்டின் கீழ்க்கம்பி மட்டும் துருப்பிடித்திருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் புதிதாகத் தடுப்புச்சுவர் எழுப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். சம்ப்பின் வாய் தரைமட்டத்திலேயே இருந்தால் முதல் மழைக்கே தெருத்தண்ணீர் உள்ளே இறங்கும். ஈபி மீட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். முதல் மாடியில் குடியிருந்தாலும் மீட்டர் போர்டு கீழே கார் நிறுத்தும் இடத்தில்தான் இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஜூனில் போனால் உங்களுக்கு நாலு மாதம் இருக்கிறது. அதற்குள் மகனிடம் மின்சாரப் பொறுப்பை ஒப்படையுங்கள். எலக்ட்ரீஷியனை ஒரு நாள் வரவழைத்து, அவன் எதிரிலேயே எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குள் இருக்கும் மெயின் எது, எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று அவனே ஸ்டிக்கர் எழுதி ஒட்டட்டும். மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே கரன்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஓனரிடம் பேசி மாட்டுங்கள். அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்த வேண்டும், அழுத்தியதும் ட்ரிப் ஆகாவிட்டால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பலருக்குத் தெரியாத விஷயம், மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அதன் இணைப்பில் இருக்கும் ப்ளக்கிலும் விளக்கிலும் 230 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். இரண்டையும் தனித்தனியாக அணைக்க வேண்டும். கீழே மீட்டர் போர்டை நோக்கித் தண்ணீர் ஏறினால் அவன் மேலே வீட்டு மெயினை அணைத்துவிட்டு, 94987 94987 என்ற எண்ணில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்ல வேண்டும். கீழே இறங்கிப் போய் எதையும் தொடக் கூடாது. தெருவோரம் நிற்கும் மின்வாரியப் பில்லர் பாக்ஸ் பக்கம் தண்ணீரில் நடக்கவே கூடாது.

உங்களுக்கு போன் செய்து அனுமதி கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும் என்று அவனுக்குச் சொல்லாதீர்கள். கரன்ட் போய்ச் சில மணி நேரத்தில் டவர் பேட்டரியும் தீர்ந்து சிக்னல் போய்விடும். எந்த அளவு தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே உட்கார்ந்து பேசி எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கோவையில் ஒரு சித்தப்பாவையோ அத்தையையோ தகவல் மையமாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடத்தில் சிதறியிருக்கும் நீங்கள் எல்லோரும் அவருக்குத்தான் எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். பேச முடியாதபோதும் சில சமயம் எஸ்எம்எஸ் போய்ச் சேரும். மாநகராட்சிக்கு 1913, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. இவற்றையும் அதே தாளில் எழுதுங்கள், போன் சார்ஜ் இல்லாதபோது பக்கத்து வீட்டு போனிலிருந்து அழைக்க உதவும்.

பையனுக்கு ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். வேடிக்கை பார்க்கவும் வீடியோ எடுக்கவும் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. மூடி திறந்த பாதாளச் சாக்கடை கண்ணுக்குத் தெரியாது, காலில் சின்னக் கீறல் இருந்தால்கூட எலிக்காய்ச்சல் வரலாம். புயலே நேராக வந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயலின் கண், அதாவது அதன் நடுப்பகுதி, சென்னை மேல் கடந்தபோது காற்று சட்டென்று அடங்கியது. முடிந்துவிட்டது என்று வெளியே வந்தால், கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். பாதி சாய்ந்த மரங்கள் அப்போதுதான் விழும்.

தண்ணீர்க் கணக்கு இது: ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், 5 பேருக்கு 4 நாளைக்கு 80 லிட்டர். 20 லிட்டர் கேன் நாலு. எச்சரிக்கை வந்த அன்றே வாங்கிவிடுங்கள், மறுநாள் கேன் கிடைக்காது. கரன்ட் இருக்கும்போதே மாடித் தொட்டியை நிரப்பிவையுங்கள். சம்ப்புக்குள் வெள்ளம் புகுந்துவிட்டால் மோட்டாரைப் போடவே கூடாது. சாக்கடை கலந்த தண்ணீர் மேலே ஏறி நல்ல தண்ணீரும் கெட்டுவிடும். 150 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் இரண்டு பழைய ஃபேனும் நாலு விளக்கும் ஆறேழு மணி நேரம்தான் ஓடும். கரன்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் ஒன்று, ஒரு எல்இடி விளக்கு என்று அடக்கிக்கொண்டால் ஒரு பகல், ஒரு இரவு தாங்கும். மாமியாரின் மாத்திரை 15 நாளைக்கு, கையில் சில்லறையாக ரொக்கம், சான்றிதழ்களும் ஆதாரும் ஜிப் கவரில் போட்டுப் பரண் மேல்.

மகளைப் பற்றி. வீடியோவைப் பிடுங்கினால் அழுகை நிற்காது, ஒளிந்து பார்ப்பாள். வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையை அக்டோபர் முதல் டிசம்பர் வரை தினமும் படித்து வீட்டுக்குச் சொல்வது அவள் வேலை என்று கொடுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்றால் என்ன, 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் அதிகனமழை என்பது எல்லாம் அவளுக்கு அத்துப்படியாக இருக்கட்டும். நாப்கின் இரண்டு மாதத்துக்கு வாங்கி வைத்திருப்பதாக அவளிடம் நீங்களே சொல்லுங்கள். வெள்ளத்தின் நடுவில் அண்ணன் எதிரில் கேட்கக் கூசும் வயது அது.

பள்ளியை வீடு முடிவான பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள், இரண்டையும் சேர்த்தே பாருங்கள். இருவரும் நடந்தே வீடு திரும்பும் தூரத்தில், நடுவில் ஆறோ தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதையோ இல்லாத பள்ளியாக இருக்கட்டும். அட்மிஷன் படிவத்தில் அவசரத் தொடர்புக்கு உங்கள் இருவர் நம்பரை மட்டும் எழுதினால், பாரிமுனையிலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் நீங்கள் வந்து சேரும்வரை பிள்ளைகளைப் பள்ளி வெளியே அனுப்பாது. பள்ளிக்கு நடந்து வரக்கூடிய ஒருவரின் நம்பரும் அதில் வேண்டும். அவர் யார் என்பதை ஜூனில் பால் காய்ச்சிய வாரமே பக்கத்து வீடுகளில் பழகிக் கண்டுபிடியுங்கள்.