முற்றத்துக்கும் ஒரு வான் வேண்டும்

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்தில் அக்கராயன் பக்கம் கால் ஏக்கர் வளவில், இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு எங்களுடையது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் வீட்டின் முன்பக்கத்தில் 18 அடிக்கு 10 அடி அளவில் இன்டர்லொக் கல் பதித்து, சுற்றிவரச் செங்கல் வரம்பு கட்டிப் பூம்பாத்தியும் அமைத்தோம். மாரி தொடங்கினால் அந்தத் தளத்தில் கணுக்காலளவு தண்ணீர் நிற்கிறது. போன மார்கழியில் விறாந்தைக்குள்ளும் ஏறிவிட்டது. மழை விட்டபின் படலையின் இடப்பக்க மூலையால் மெல்ல வடியும். ஐந்து லோட் கிரவல் போட்டு வளவை உயர்த்தி, தண்ணீர் மண்ணுக்குள் இறங்க ஊறுகுழி ஒன்றும் வெட்டினால் எல்லாம் சரியாகும் என்று லோட் பிடித்துத் தருபவர் சொல்கிறார். முதல் லோட் வந்து படலையடியில் கிடக்கிறது. மிகுதியையும் இறக்கலாமா?

பதில்: இறக்க வேண்டாம். உங்கள் முற்றம் பள்ளமாக இருப்பதாக நீங்கள் எழுதியவற்றில் எங்கும் தெரியவில்லை. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் இருக்கிறது என்பதுதான் தெரிகிறது. வன்னியில் பிறந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை: அணை கட்டியவன் மேலதிக நீர் வழிவதற்கு வான் வைக்காமல் போனால் குளம் என்ன ஆகுமோ, அதுவே உங்கள் முற்றத்திலும் நடக்கிறது. அந்தச் செங்கல் வரம்புதான் அணை. சில ஆண்டுகளுக்கு முன்னர் பரந்தன் பக்கம் ஒரு வீட்டில் இதே முறைப்பாட்டைப் பார்க்கப் போயிருந்தேன். அழகான பூம்பாத்தி, சுண்ணாம்பு பூசிய வரம்பு, உள்ளே அரையடித் தண்ணீர், அதில் ஒரு சோடிச் செருப்பு மிதந்துகொண்டிருந்தது. அலவாங்கால் இரண்டு செங்கற்களைக் கிளப்பி எடுத்தோம். தேநீர் ஆறுவதற்குள் தளம் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் அதற்கு முன்னர் நீர் புகாத பூச்சு என்று விறாந்தைச் சுவருக்கு இரண்டு முறை பணம் கொட்டியிருந்தார்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 1 சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர். உங்கள் தளம் ஏறத்தாழ 17 சதுர மீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் (மாரியில் இது அதிசயமன்று) தளத்தில் நேரடியாக விழுவது 1,700 லீற்றர் மட்டுமே. கூரையின் முன்பாதியை 30 சதுர மீற்றர் என்று வைத்துக்கொண்டாலும், அதிலிருந்து வழிவது 3,000 லீற்றர், அதாவது வீட்டுத் தண்ணீர்த் தாங்கி மூன்று. கூரை ஓரத்தில் நீரேந்தும் பீலி இல்லையென்றால் அவ்வளவும் கல்லின்மேல்தான் விழுகிறது. ஆகவே முன்பக்கக் கூரைக்கு மட்டுமாவது பீலி பூட்டி, இறங்கு குழாயைத் தளத்தைத் தாண்டிக் கொண்டுபோய் வாய்க்காலில் விடுங்கள். பீலியைத் தளத்தின் மூலையிலேயே இறக்கிவிட்டு வேலை முடிந்தது என்று போகும் ஆட்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது மட்டம். உள்ளே நீர் தெரியும் பிளாஸ்டிக் குழாய் முப்பது அடி வாங்கித் தண்ணீர் நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஒரு முனையை விறாந்தையடியிலும் மறு முனையைத் தளத்தின் வெளி ஓரத்திலும் இருவர் பிடியுங்கள். இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நிலத்திலிருந்து அந்த நீர்மட்டம்வரை இரண்டு இடத்திலும் அளந்தால், எங்கே அளவு கூடுகிறதோ அங்கே நிலம் தாழ்வு. 10 அடி அகலத் தளத்துக்கு வெளி ஓரம் 2 அங்குலம் தாழ்ந்திருந்தால் போதும். வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால், கற்களைக் கிளப்பி, கீழ்ப்படுக்கையைச் சரிசெய்து மறுபடி பதிப்பதைத் தவிர வேறு மார்க்கமில்லை. இன்டர்லொக் கல்லின் நன்மை அது. கொங்கிறீற் போட்டிருந்தால் உடைக்க வேண்டியிருக்கும்.

தளத்தின் வெளி ஓரத்தில், செங்கல் வரம்பை ஒரு பக்கம் முழுவதும் எடுத்துவிட்டு, அதே குழாயைப் பிடித்துப் பிடித்துப் படலை மூலைவரை ஓர் அடி அகலமும் ஓர் அடி ஆழமும் கொண்ட திறந்த வாய்க்கால் வெட்டுங்கள். 10 அடிக்கு 1 அங்குலச் சரிவு இருந்தால் போதும். கரைகளைச் செங்குத்தாக விடாமல் சரித்து அறுகு பதித்தால் மண் கரையாது. சல்லி நிரப்பி மூடிய வாய்க்கால் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் நம் களிமண் இரண்டு மாரியில் அதை அடைத்துவிடும். திறந்த வாய்க்காலை ஐப்பசிக்கு முன்னர் மண்வெட்டியால் ஒருமுறை வழித்தால் போதும். நடைபாதையைக் கடக்கும் இடத்தில் 6 அங்குலக் குழாயாவது வையுங்கள், 4 அங்குலம் இலை குழையால் அடைபடும். வாய்க்கால் ஓரத்தில் கல்வாழை, வெட்டிவேர், சேம்பு தாக்குப்பிடிக்கும். ரோசாவையும் குரோட்டனையும் மேட்டில் வையுங்கள். செடி தண்ணீரை உறிஞ்சிவிடும் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். வெயில் காணாத மார்கழியில் அவை குடிப்பது சொற்பம்.

ஊறுகுழியைப் பற்றி ஒரே ஒரு சோதனை. மார்கழியில் உங்கள் கிணற்றை எட்டிப் பாருங்கள். நிலத்திலிருந்து மூன்று நான்கு அடியில் தண்ணீர் நின்றால், நீங்கள் வெட்டப்போகும் ஐந்தடிக் குழி இரண்டாவது கிணறு, அவ்வளவுதான்.

இனி லோட் விடயத்துக்கு வருகிறேன், ஏனெனில் இந்த மாவட்டத்தில் ஈரமுற்றத்தைவிடக் கூடுதலாகச் சனத்தின் காசைக் குடிப்பது இதுதான். ஒரு கியூப் என்பது 100 கன அடி. மூன்று கியூப் டிப்பரில் ஐந்து லோட் என்றால் 1,500 கன அடி. அதை ஆறங்குலத் தடிப்பில் பரப்பினால் 3,000 சதுர அடி மூடும். கால் ஏக்கர் 10,890 சதுர அடி. மூன்றிலொரு பங்குகூட இல்லை, இறுகியபின் இன்னும் குறையும். இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாததன்று. ஐந்து லோட்டை இறக்கியபின் "இன்னும் ஐந்து போட்டால்தான் வடிவாக இருக்கும்" என்ற பேச்சு வரும். டிப்பர் பெட்டியின் உள் நீளம், அகலம், நிரப்பிய உயரம் ஆகியவற்றை நீங்களே நாடா பிடித்து அளவிடுங்கள். அளக்க விடாதவரிடம் வாங்காதீர்கள். கிரவல் என்று வருவதில் பாதி குளக்கரைக் களியாக இருப்பதும் உண்டு. ஒரு கைப்பிடியை நனைத்து உருட்டினால் சப்பாத்தி மா போல் வழுவழுவென்று திரண்டால் அது கிரவல் அன்று. புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாத லோட்டுக்கு வழியில் என்ன நடந்தாலும் செலவு கடைசியில் உங்கள் தலையில்தான் விழும்.

நல்ல கிரவலாகவே இருந்தாலும், அதை வீட்டுச் சுவரோடு அணைத்து நிரப்பினால் கேடு. அத்திவாரத்துக்கு மேலுள்ள ஈரத்தடைப் படை வெளி நிலத்திலிருந்து ஆறங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். அது மண்ணுக்குள் புதைந்தால் சுவர் ஈரம் உறிஞ்சும், கறையான் கண்ணுக்குத் தெரியாமல் ஏறும்.

நிரப்புவது சரியாகும் இடம் ஒன்று உண்டு. சுற்றியுள்ள காணிகளும் வீதியும் எல்லாப் பக்கமும் உங்கள் வளவைவிட உயரமாக இருந்து, குழாய் மட்டம் பிடித்துப் பார்த்தும் தண்ணீர் வெளியேற ஒரு தாழ்வான மூலைகூட அகப்படவில்லை என்றால் மட்டும் நிரப்பலாம். ஒரு மூலை இருந்தாலும் இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. அப்போதுங்கூட ஆறங்குலம் ஆறங்குலமாகப் போட்டு, நனைத்து, உருளையால் இறுக்கி, வீட்டிலிருந்து முதல் 10 அடிக்கு ஆறங்குலம் சரிய விட வேண்டும். வைகாசி, ஆனியில் செய்ய வேண்டிய வேலை அது. புரட்டாதியில் கொட்டிய மண் ஐப்பசியில் சேறாகும். காணி வயலாகப் பதிவானதென்றால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியின்றி ஒரு கூடை மண்கூடப் போட முடியாது. லோட் பிடிப்பவர் இதைச் சொல்லமாட்டார்.

படலைக்கு வெளியே தண்ணீர் எங்கே போகும் என்பது தனிக் கவலை. வீதியைக் காபெற் போட்டு உயர்த்துகிறார்கள், மதகை மட்டும் பழைய மட்டத்தில் விட்டுவிடுகிறார்கள், அல்லது அடியோடு மறந்துவிடுகிறார்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கும், ஒழுங்கைகள் பிரதேச சபைக்கும் உரியவை. உங்கள் வீதி எதுவென்று கிராம அலுவலரிடம் கேட்டறிந்து, உரிய இடத்துக்கு எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்திருங்கள். எங்கள் ஒழுங்கை மதகுக்காக நான் கொடுத்த கடிதம் மூன்று மாரி கண்டுவிட்டது. ஒவ்வொரு மேசையும் மற்ற மேசையைக் கைகாட்டுகிறது. அதுவரை அயலவரோடு பேசி வேலியோரமாக ஒரு வெட்டு வைப்பதுதான் நடைமுறை. அவர் வளவுக்குள்ளோ, கிணற்றடிக்கோ, மலக்குழிப் பக்கமோ தண்ணீரைத் திருப்பிவிடாதீர்கள். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்ததுபோன்ற வெள்ளத்துக்கு இந்த வாய்க்கால் ஈடுகொடுக்காது. ஆண்டுதோறும் பெய்யும் மாரிக்குத்தான் இது.

உங்கள் கடிதத்தில் கடைசியாக ஒன்று. மழை விட்டபின் தண்ணீர் படலையின் இடப்பக்க மூலையால் வடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் லோட் படலையடியில் கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூலையில்தான் கிடக்கிறதென்றால், மழை தொடங்குமுன் அதை அள்ளி வளவின் பின்புறம் போட்டுவிடுங்கள். உங்கள் முற்றத்துக்கு இருந்த ஒரே வானை அது அடைத்துக்கொண்டு நிற்கிறது.